உயர்ந்த கைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து மூன்று சீட்டுகளை எடுப்பதற்கு 22,100 வழிகள் உள்ளன. அவற்றுள் மூன்றும் ஒரே எண்ணாகவோ ஒரே படமாகவோ அமையும் சேர்க்கைகள் 52 மட்டுமே. சீட்டுகள் நேர்மையாகக் கலைக்கப்பட்டுப் பங்கிடப்பட்டால், ஓர் ஆட்டக்காரருக்கு அத்தகைய கை சராசரியாக 425 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் விழும். தமிழ்நாட்டில் 'மூணு சீட்டு' என்றும் வட இந்தியாவில் 'தீன் பத்தி' என்றும் வழங்கும் இந்த ஆட்டம் போக்கரின் நெருங்கிய உறவு. 'டிரெயில்' எனப்படும் மேற்சொன்ன கைக்கு மேற்பட்ட கை இதில் கிடையாது. அதற்கு அடுத்த நிலையில் உள்ள, ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று சீட்டுகள் 48 வழிகளிலும், இனம் கலந்த வரிசை 720 வழிகளிலும், வரிசையின்றி இனம் மட்டும் ஒன்றாக இருக்கும் 'கலர்' 1,096 வழிகளிலும், ஜோடி 3,744 வழிகளிலும் அமைகின்றன. ஒரே இன வரிசை டிரெயிலைவிடச் சற்று அரிதானது என்பதும், ஆட்ட விதி அரிதானதைக் கீழே வைத்திருக்கிறது என்பதும் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு வியப்பளிக்கும். இங்கே மரபு கணக்கை மீறி நிலைத்துவிட்டது. மீதமுள்ள 16,440 சேர்க்கைகளில், அதாவது நூற்றுக்கு 74-க்கும் மேற்பட்டவற்றில், கையில் எதுவுமே சேர்ந்திருக்காது. எது பெரிய சீட்டு என்பதை வைத்தே அவை ஒப்பிடப்படும்.

நிகழ்தகவு குறித்த பெரும்பாலான பாடநூல்கள் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சீட்டாட்டத்தின் உண்மையான அறிவியல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு கையின் உயரம் யார் வெல்வார் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. எவ்வளவு வெல்வார் என்பதை அது முடிவு செய்வதில்லை. மூன்று ஆஸ் வைத்திருப்பவர் நடுவில் கிடக்கும் ஐந்து ரூபாயை மட்டும் அள்ளிக்கொண்டு எழுந்திருக்கவும் கூடும், அதே கையைக்கொண்டு ஐம்பது ரூபாய் ஈட்டவும் கூடும். இந்த வேறுபாடு எதிரில் இருப்பவர்களின் சீட்டிலும் அவர்களின் பழக்கத்திலும்தான் உள்ளது.

முதலில் எதிராளிகளின் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் மூன்று ஆஸ் இருக்கும்போது கட்டில் அவருக்குத் தெரியாத சீட்டுகள் 49. அவற்றிலிருந்து ஓர் எதிராளிக்கு விழக்கூடிய சேர்க்கைகள் 18,424. அவற்றுள் 13,560 சேர்க்கைகளில் ஜோடிகூட இல்லை. அதாவது, ஒவ்வோர் எதிராளியும் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 73.6 விழுக்காடு. எதிரில் நால்வர் இருந்தால், நால்வரும் வெறுங்கையாக இருக்கும் வாய்ப்பு சுமார் 29 விழுக்காடாகக் குறைகிறது. பத்து முறை மூன்று ஆஸ் விழுந்தால் ஏறத்தாழ ஏழு முறை மேசையில் வேறு யாரோ ஒருவரிடம் ஜோடியோ அதற்கு மேலோ இருக்கும் என்பதே இதன் பொருள். உயர்ந்த கைக்கு விலை கொடுப்பவர் இந்த இரண்டாவது மனிதர்தான். அவர் இல்லாத மூன்று தடவைகளில் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த மூன்று தடவைகளின் ஏமாற்றத்தை மனதில் வைத்து, மற்ற ஏழு தடவைகளிலும் பயந்து பதுங்கி ஆடுவதுதான் சிறு தொகை ஆட்டங்களில் காணப்படும் மிகப் பரவலான பிழை.

'பதுங்கி ஆடுதல்' என்று இங்கே குறிப்பிடப்படுவது, உயர்ந்த கை இருந்தும் தொகையை ஏற்றாமல், நலிந்த கை வைத்திருப்பவர் போல மற்றவர்கள் போடுவதையே தானும் போட்டு வருதல். அதற்கு எதிரானது, கை உயர்ந்தது என்ற நிலையிலேயே தொகையை ஏற்றிக்கொண்டு போகும் 'திறந்து ஆடுதல்'. புலி பதுங்குவது பாய்வதற்கே என்ற நினைப்பு முதல் முறைக்குத் துணை நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூணு சீட்டின் விதிகளைக்கொண்டே அளந்துவிடலாம். சீட்டைப் பார்த்து ஆடும் ஒருவர், தமக்கு முன் பார்த்து ஆடியவர் போட்ட தொகையை அப்படியே போடலாம், அல்லது அதிகபட்சம் இரட்டிப்பாக்கலாம். இருவர் மட்டும் எஞ்சிய நிலையில், அவர்களில் ஒருவர் காசு கட்டி 'ஷோ' கேட்டுச் சீட்டுகளைத் திறக்கச் செய்யலாம். தொகை இரண்டு ரூபாயில் தொடங்கி, மூன்று ஆஸ் வைத்திருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்க, எதிராளி அதே தொகையைப் போட்டு வருவதாக வைத்துக்கொண்டால், நான்கு சுற்றுகளில் எதிராளி போட்டது 2, 4, 8, 16 என மொத்தம் 30 ரூபாய். பதுங்கி ஆடியிருந்தால் அதே நான்கு சுற்றுகளில் அவர் போட்டிருப்பது 8 ரூபாய். ஐந்தாவது சுற்றும் நடந்தால் கணக்கு 62-க்கு 10 ஆகிவிடும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போலவே இங்கும் முதல் தவணைதான் முக்கியமானது. தொடக்கச் சுற்றில் இரட்டிப்பாக்காமல் விட்ட இழப்பைக் கடைசிச் சுற்றில் ஈடுசெய்ய விதியே இடம் கொடுப்பதில்லை.

எதிராளி ஐந்து சுற்று வரை காசு போடுவாரா என்பதே அடுத்த கேள்வி. அதற்கான விடை ஆட்டம் எங்கே, எந்தத் தொகைக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 'சிறு தொகை' என்பது ஒரு குறிப்பிட்ட எண் அல்ல, ஆட்டக்காரரின் வருவாயோடு அத்தொகைக்குள்ள உறவு. 1738-இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே: ஒரு ரூபாயின் மதிப்பு, அதைப் பெறுபவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சார்ந்தது. தென்பெண்ணையின் தென்கரையில் திருக்கோவிலூரும் வடகரையில் அரகண்டநல்லூரும் அமைந்திருக்கும் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் அந்தப் பகுதியில், கூலி வருவாயே பல குடும்பங்களின் அடிப்படை. 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இரண்டு ரூபாயில் தொடங்கி 30 ரூபாய் வரை சென்ற ஆட்டத்தில் தோற்றவர் இழந்தது ஒரு நாள் கூலியில் பதினொன்றில் ஒரு பங்கு; 62 ரூபாய் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பொங்கல் விடுமுறையில் தோப்பு நிழலில் உறவினரும் நண்பருமாகக் கூடி ஆடும் ஒருவர், எதிராளியின் கையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆவலுக்காக இரண்டு ரூபாயையோ எட்டு ரூபாயையோ கொடுக்கத் தயங்கமாட்டார். அந்த ஆவலுக்கும் ஒரு விலை உண்டு. சிறு தொகை ஆட்டத்தில் அந்த விலை மலிவாக இருக்கிறது, எனவே பலரும் அதை வாங்குகிறார்கள். சுற்றுக்கு 200 ரூபாய் என்று ஏறிவிட்டால், அதே மனிதர் அதே ஜோடியைக் கவிழ்த்துவைத்துவிட்டு விலகிவிடுவார்.

எதிராளியின் ஆவலை எண்ணாக மாற்றிக் கணக்கிட ஒரு சிறிய மாதிரி உண்டு. 1928-இல் ஜான் வான் நாய்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், 1944-இல் அவர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து வெளியிட்ட நூலும் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்ட பின், 1950-இல் ஹரால்டு கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் போக்கரை அதன் எலும்புக்கூடு வரை சுருக்கி ஓர் ஆட்டத்தை அமைத்தார். அதில் ராஜா, ராணி, ஜாக்கி என மூன்றே சீட்டுகள், இருவரே ஆட்டக்காரர்கள். இருவரும் தலா ஒரு ரூபாய் வைத்து, தலா ஒரு சீட்டைப் பெறுகிறார்கள். முதலாமவர் மேலும் ஒரு ரூபாய் கட்டலாம் அல்லது கட்டாமல் விடலாம். அவர் கட்டினால் இரண்டாமவர் ஈடுகட்டலாம் அல்லது விலகலாம். அவர் கட்டாமல் விட்டால் கட்டும் உரிமை இரண்டாமவருக்குப் போகிறது. விலகாதவர்களுள் பெரிய சீட்டு வைத்திருப்பவருக்கே பணம் சேரும்.

முதலாமவருக்கு ராஜா விழுந்துவிட்டது என்று கொள்வோம். அவர் தோற்க வழியில்லை. எவ்வளவு வெல்வார் என்பது மட்டுமே மீதி. எதிரில் ராணி இருக்கவும் ஜாக்கி இருக்கவும் சமமான வாய்ப்பு உண்டு. அவர் திறந்து ஆடிக் காசு கட்டினால், ஜாக்கி வைத்திருப்பவர் விலகிவிடுவார், ராணி வைத்திருப்பவர் சில நேரங்களில் ஈடுகட்டுவார். அவர் பதுங்கினால், ராணி வைத்திருப்பவர் பேசாமல் சீட்டைத் திறப்பார். ஜாக்கி வைத்திருப்பவரோ சில நேரங்களில் 'பிளஃப்' செய்வார், அதாவது வெறுங்கையோடு காசு கட்டி மிரட்டிப் பார்ப்பார். எனவே திறந்து ஆடுவதால் கிடைக்கும் கூடுதல் வரவு ராணி எத்தனை முறை ஈடுகட்டுகிறது என்பதில் பாதி. பதுங்கி ஆடுவதால் கிடைக்கும் கூடுதல் வரவு ஜாக்கி எத்தனை முறை மிரட்டுகிறது என்பதில் பாதி. சிக்கலான ஒரு கேள்வி இரண்டே எண்களின் ஒப்பீடாகச் சுருங்கிவிடுகிறது: எதிராளியின் ஆவல் பெரிதா, துணிச்சல் பெரிதா?

இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் இந்த இரண்டு எண்களும் மூன்றில் ஒன்று என்ற அளவில் சமமாகிவிடுகின்றன. அப்போது திறந்து ஆடினாலும் பதுங்கி ஆடினாலும் ராஜாவுக்குக் கிடைப்பது ஒன்றே. சிறு தொகை ஆட்டத்தில் நிலைமை வேறு. விளக்கத்துக்காக, பத்தில் எட்டு முறை ராணி ஈடுகட்டுவதாகவும் பத்தில் ஒரு முறைதான் ஜாக்கி மிரட்டுவதாகவும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆட்டத்திலும் திறந்து ஆடுபவருக்குக் கூடுதலாக 40 பைசாவும் பதுங்குபவருக்கு 5 பைசாவும் சேர்கின்றன. எட்டு மடங்கு வேறுபாடு. சீட்டு இரண்டு இடத்திலும் அதே ராஜாதான். பதுங்கி ஆடுபவர் எதிராளியிடமிருந்து ஒரு செயலை எதிர்பார்க்கிறார், அதாவது அவராகவே காசை எடுத்துப் போட வேண்டும் என்று காத்திருக்கிறார். திறந்து ஆடுபவர் எதிர்பார்ப்பதெல்லாம் எதிராளி விலகாமல் இருப்பதை மட்டுமே. முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்கு ஆவலே போதும். இருவகை மனிதருள் எந்த வகையினர் தோப்பு நிழல் ஆட்டங்களில் மிகுதி என்பதை அறியப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

பதுங்கலுக்கு மதிப்பே இல்லை என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. 2015-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பவ்லிங் குழுவினர், இருவர் ஆடும், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள போக்கர் வகையை ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். 'செஃபியஸ்' என்ற அவர்களது கணினி நிரல், சீட்டுப் போடும் இடத்தில் இருக்கும்போது, முதல் சுற்றில் அனுமதிக்கப்பட்ட கடைசி ஏற்றத்தை மிக உயர்ந்த கைகளைக்கொண்டும் பெரும்பாலும் செய்வதில்லை. எதையும் மறக்காத, எதற்கும் மயங்காத எதிராளிக்கு ஒவ்வொரு ஏற்றமும் ஒரு செய்தி. அச்செய்தியை அவருக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு விலை உண்டு. ஆனால் செய்தியைப் படிப்பவர் இருந்தால்தான் அதை மறைப்பதில் பயன். தம் கையில் உள்ள இரண்டு ராணிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து எதையும் மறைக்கத் தேவையில்லை. கணினிகளிடமிருந்தும் பெருந்தொகை ஆட்டக்காரர்களிடமிருந்தும் நுட்பங்களைக் கற்றுவந்து சிறு தொகை ஆட்டத்தில் பயன்படுத்துவோர் பணம் இழப்பது இதனால்தான்.

உலகெங்கும் ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டம்' வகைப் போக்கரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்பட்டு, ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படுகின்றன. எனவே தொடக்கத்தில் உயர்ந்திருந்த கை இறுதிவரை உயர்ந்தே இருக்கும் என்று சொல்ல முடியாது. 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை விழும் ஆஸ் ஜோடி, ஏதேனும் இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒரே எதிராளியை நூற்றுக்கு 85 முறை வெல்லும். நான்கு எதிராளிகள் இறுதிவரை நின்றால் 56 முறையும், ஒன்பது பேர் நின்றால் 31 முறையும் மட்டுமே வெல்லும். இந்த எண்களைப் பார்ப்பவர்கள், எதிராளிகள் கூடக்கூட உயர்ந்த கை நட்டப்படுகிறது என்று கருதிவிடுகிறார்கள். கணக்கு அதற்கு நேர்மாறானது. எல்லோரும் தலா 100 ரூபாயை முதலிலேயே வைத்துவிட்டதாகக் கொண்டால், ஒரே எதிராளிக்கு எதிராகச் சராசரி வரவு 200 ரூபாயில் 85 விழுக்காடு, அதாவது 170 ரூபாய். தான் வைத்ததைக் கழித்தால் நிகர லாபம் 70. ஒன்பது பேருக்கு எதிராக 1,000 ரூபாயில் 31 விழுக்காடு, அதாவது 310. நிகர லாபம் 210. பத்தில் ஏழு முறை தோற்கிற ஆட்டம், பத்தில் எட்டரை முறை வெல்கிற ஆட்டத்தைவிட மூன்று மடங்கு லாபம் தருகிறது. இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடக் கூடுதலாக உணரப்படுகிறது என்று டேனியல் கானமனும் ஏமாஸ் டிவர்ஸ்கியும் 1979-இல் எடுத்துக்காட்டினார்கள். ஆஸ் ஜோடியோடு தோற்ற ஏழு இரவுகள் நினைவில் தங்கி, வென்ற மூன்று இரவுகள் மங்கிவிடுவதற்கு அதுவே காரணமாகலாம்.

ஹோல்டமில் பதுங்குவதற்கு மூணு சீட்டில் இல்லாத ஒரு தண்டனையும் உண்டு. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்ததும் எதிராளியிடம் ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்திருந்தால், ஐந்தாவது சீட்டு அடுத்த திறப்பிலேயே விழ 47-க்கு 9, அதாவது சுமார் 19 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. நடுவில் 100 ரூபாய் கிடக்கும்போது உயர்ந்த கை வைத்திருப்பவர் 50 கட்டினால், அதற்கு ஈடுகட்டும் எதிராளி 200 ரூபாயாகப்போகும் தொகைக்காக 50 போடுகிறார். அந்தச் சீட்டை மட்டும் நம்பி அது கட்டுப்படியாக அவருக்கு 25 விழுக்காடு வாய்ப்பு தேவை. இருப்பது 19. ஆவலால் அவர் 50 ரூபாய் போடும் ஒவ்வொரு முறையும் சராசரியில் லாபம் கட்டியவருக்கே சேர்கிறது. கட்டாமல் விட்டாலோ, அந்த 19 விழுக்காட்டை எதிராளி இலவசமாகப் பெற்றுக்கொள்கிறார்.

இந்திய நீதிமன்றங்களும் இந்த ஆட்டங்களைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கின்றன. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1967-இல் வழங்கிய தீர்ப்பில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்று கூறிய உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டத்தை முழுக்க முழுக்க வாய்ப்பைச் சார்ந்தது என்று ஒதுக்கியது. மூணு சீட்டில் கையை மாற்றிக்கொள்ள வழியில்லை என்ற அளவில் அந்தப் பார்வை சரியே. ஆனால் மேலே கண்ட 30-க்கும் 8-க்கும் இடையிலான வேறுபாடு சீட்டிலிருந்து வந்ததல்ல, தேர்விலிருந்து வந்தது என்பதையும் கணிதம் சேர்த்துச் சொல்கிறது. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, வாய்ப்பு என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. நேரில் கூடிப் பணம் வைத்து ஆடுவதற்கும் 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பொருந்தும். தோப்பிலும் ஆற்றோரத்திலும் சூதாடியவர்கள் கைது என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருவது அதனால்தான். குடும்பத்தின் கூலிப் பணம் சீட்டுக்குப் போவதைத் தடுக்க நினைக்கும் சட்டத்தின் அக்கறையைக் கணிதமும் மறுக்கவில்லை: ஒருவர் வெல்லும் ஒவ்வொரு ரூபாயும் அதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரின் ரூபாய், 425 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும் கையை நம்பி யாரும் வருவாயைத் திட்டமிட முடியாது.

திறந்து ஆடும் விதிக்கு விலக்கு எங்கே வரும் என்பதையும் கூனின் மாதிரியே காட்டிவிடுகிறது: ஆவலைவிடத் துணிச்சல் மிகுந்த எதிராளி அமையும்போது. மூணு சீட்டில் அப்படிப்பட்டவரை அடையாளம் காண்பது எளிது. சீட்டைப் பார்க்காமலே காசு போடுவதை 'பிளைண்ட்' ஆடுதல் என்பார்கள். பார்த்து ஆடுபவர் போடுவதில் பாதியைப் போட்டால் போதும் என்பது அதற்கான சலுகை. பிளைண்ட் ஆடுபவருக்கே தம் கை தெரியாது என்பதால் அவர் போடும் காசு எந்தச் செய்தியையும் தாங்கி வருவதில்லை. சுற்றுக்குச் சுற்று அவரே தொகையை ஏற்றிக்கொண்டு போனால், அவருக்கு முன் மூன்று ஆஸ் வைத்திருப்பவர் ஏற்றாமல் தொடர்வது பிழையாகாது. காசு தானாகவே நடுவில் சேர்கிறது, இடையில் ஜோடி வைத்திருக்கும் மூன்றாமவரும் விரட்டப்படாமல் கூடவே வருகிறார். அந்த ஆட்டக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்த கணத்தில் இந்த விலக்கு முடிந்துவிடுகிறது.

எதிராளியின் ஆவலையும் துணிச்சலையும் எப்படி அளப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. உயர்ந்த கை விழும்போது மட்டும் கவனிப்பது என்று வைத்துக்கொண்டால் வாழ்நாள் போதாது. ஒருவர் பத்தில் எத்தனை முறை ஈடுகட்டுகிறார் என்பதை நூற்றுக்குப் பத்து கூடுதல் குறைவு என்ற துல்லியத்தில் அறிய, அவர் அத்தகைய முடிவெடுக்கும் சுமார் 100 தருணங்களைப் பார்த்தாக வேண்டும். தம் கையைக் கவிழ்த்துவிட்டு விலகிய பிறகும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே அந்த நூறு தருணங்கள் கிடைக்கும். நான்கில் மூன்று கைகள் வெறுங்கைகளாகவே விழுவதால், பார்த்துக்கொண்டிருப்பதற்கான நேரம் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தாராளமாகவே உள்ளது.